ரயில் ஒரு தடவைதான் வரும்

1

போன மாதம் இங்கே ஒரு அலுவலகத்தில் நான் சொன்ன ஒரேயொரு சொல்லைக் கேட்டு, வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேர் கதிரையை விட்டு எழும்பி நின்றார்கள்.

என் மகள் அனித்தாவுக்குப் பதினேழு வயது. பாடசாலையில் ஊடகத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். இந்தத் தவணைக்கு ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்து அதற்கு வீடியோ செய்து கொடுக்க வேண்டும். அவளும் இரண்டு சிநேகிதிகளும் எங்கள் நகரத்து ரயில் நிலையத்தில் எடுப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். ஜெர்மனியில் ரயில் நிலையத்துக்குள் கெமராவை நிறுத்திப் படம் எடுப்பதென்றால் அனுமதி வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளை என்பதால் பெற்றோரில் ஒருவர் கூடப் போக வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு அன்று பகல் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அந்த வாரம் எனக்குப் பின்னேர முறை. ஆகவே நான்தான் போனேன்.

பஸ்ஸில் போகும்போதே ஜெர்மன் வசனத்தை மனதுக்குள் கட்டி, இரண்டு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அலுவலகம் என்றால் எனக்கு அப்படித்தான். ஆனால் நம்முடைய காது 'ஷூட்டிங்' என்று கேட்டு வளர்ந்த காது அல்லவா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் என்ன விஷயம் என்று கேட்டதும், "என்னுடைய மகளும் சிநேகிதிகளும் சனிக்கிழமை ஸ்டேசனில் 'ஷீஸன்' செய்ய விரும்புகிறார்கள்" என்று தெளிவாகச் சொன்னேன்.

படம் எடுப்பதற்கு ஜெர்மன் மொழியில் வேறு சொல் இருக்கிறது. ஷீஸன் என்றால் துப்பாக்கியால் சுடுவது.

அனித்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஃபில்ம்! அம்மா ஃபில்மைச் சொல்றாங்க!" என்று ஜெர்மனில் கத்தினாள். எழும்பியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மையார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நல்ல மனுஷி. ஆனால் அனுமதி தரவில்லை. எந்த மேடை, எத்தனை பேர், கெமரா எந்தப் பக்கம் பார்க்கும், கூட்டம் வந்தால் என்ன செய்வீர்கள், மழை பெய்தால் என்ன, ஒன்றுமே நீங்கள் எழுதவில்லையே, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது அனித்தா எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். "பைன்லிஷ்" என்று மட்டும் சொன்னாள். மானம் போகிறது என்று அர்த்தம். இங்கே வளரும் நம் பிள்ளைகள் பெற்றோரைப் பற்றி அதிகம் பாவிக்கும் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தாள். "எதுக்கு அம்மா இவ்வளவு பிளான்? நாங்க போய் நின்டு எடுத்தா முடிஞ்சுது. சின்ன வேலை."

"நாங்களும் அப்பிடித்தான் நெனச்சோம்" என்றேன். "கடுகண்ணாவையில."

"நாங்க எண்டா யாரு?"

அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு படம் எடுத்தவள் என்பதே என் மகளுக்குத் தெரியாது.

2

கண்டியில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் காலத்தை நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் கடைசி, இலங்கையில் யுத்த காலம். நகரத்துக்குள் வரும் ஒவ்வொரு பாதையிலும் தடை. பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, மறுபடி ஏறவேண்டும். பன்வில தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்தவரின் மகளான எனக்கே அது பழகிப்போயிருந்தது.

ஒரு தேவாலயத்தின் பின்கட்டடத்தில் ஊடகப் பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கேதான் எனக்கு ரிஸ்வானும் குகனும் கிடைத்தார்கள். ரிஸ்வான் திகனயைச் சேர்ந்தவன். வாப்பாவுக்குத் துணிக்கடை. சாச்சா கல்யாண வீடியோ எடுப்பவர் என்பதால் எங்கள் மூவரில் கெமராவைத் தொட்டுப் பழகியவன் அவன் மட்டும்தான். குகன் யாழ்ப்பாணத்தான். அரசாங்க உத்தியோகத்தரான தகப்பனோடு கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தான். தாயும் ஒரே தங்கச்சியும் ஊரில். பாதை மூடிக் கிடந்ததால் நாலைந்து வருடங்களாக அவர்களைக் கண்ணால் காணவில்லை.

குகன் தங்கச்சியை நினைத்து ஒரு பாட்டுக் கட்டியிருந்தான்.

மலையேறி வா தங்கச்சி, மழையோடு வா.
நீ இறங்கும் பெட்டி எது, நான் தேடும் பெட்டி எது?

வகுப்பின் கடைசி வேலையாக இதையே வீடியோ ஆக்குவோம் என்று மூவரும் தீர்மானித்தோம். ரயிலுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். ரயில் வருகிறது. தங்கை இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை. மலையேறி வரும் ரயில் என்றால், கண்டிக்குச் சற்று முந்திய கடுகண்ணாவை. வேறு இடத்தை யோசிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மூவரும் கெமராவோடு போய் இறங்கினோம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எங்கே நின்று எடுப்பது என்று நான் ஒரு கடதாசியில் கீறி வைத்திருந்தேன். தண்டவாளம் வளையும் இடம், சுரங்கத்தின் வாய், பாலம், எந்த ரயில் எப்போது வரும் என்ற விபரம் எல்லாம் அதில் இருந்தன. வகுப்பில் சொல்லித் தந்ததைத்தான் செய்தேன். ஆனால் யுத்த காலத்தில், ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் பக்கத்தில் நிற்க, அந்தக் கடதாசியைப் பார்க்கிற பொலிஸ்காரருக்கு அது என்னவாகத் தெரியும்? நாங்கள் கெமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

என்னையும் ரிஸ்வானையும் அன்று பின்னேரமே விட்டார்கள். குகனை மறுநாள்தான் விட்டார்கள். தகப்பனும் எங்கள் வகுப்பை நடத்திய பாதிரியாரும் போய்ப் பேசி அழைத்து வந்தார்கள். கை வைக்கவில்லை. ஆனால் இதைக் கீறித் தந்தது யார், யாருக்காகக் கீறினீர்கள் என்று இரவெல்லாம் ஆள் மாறி ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள். அவன் என் பெயரைச் சொல்லவே இல்லை.

வெளியே வந்தவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எனக்கு இனி உந்த வேலை வேண்டாம். நான் வரமாட்டன்."

3

ரிஸ்வான் சமாதானமாக ஒரு யோசனை சொன்னான். "எங்கட வீட்டு முத்தத்துல எடுப்போம் ஸ்டெல்லா. பூச்சாடி எல்லாம் ஈக்கிது. உம்மா ஒண்டும் சொல்லமாட்டா."

பூச்சாடிக்கு முன்னால் நின்று ரயிலுக்குக் காத்திருப்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. பன்விலவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அதையே யோசித்தேன். திட்டம் போட்டதால் பிடிபட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ, அரைத் திட்டம் போட்டதால் பிடிபட்டோம் என்று தோன்றியது. எங்கள் கடதாசியை நாங்கள் மூவர் மட்டும்தான் வாசிக்க முடிந்தது. வேறு யார் எடுத்துப் பார்த்தாலும் அது வேறொன்றாகத் தெரிந்தது. யார் கையில் கிடைத்தாலும் இது ஒரு பாட்டு என்று புரியும்படி ஒரு திட்டம் போட்டால் என்ன?

அதற்கு முதலில் எனக்கே இடம் தெரிய வேண்டும். என் பெரியம்மாவின் மகள் பிலோமினா அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. அவளைக் கூட்டிக்கொண்டு, ஞாயிறு தோறும் கடுகண்ணாவைக்குப் போனேன். கெமரா இல்லை, கடதாசி இல்லை. டிக்கட் எடுத்து மேடையில் உட்கார்ந்து பார்த்தோம். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். பார்க்கப் பார்க்க நாங்கள் மூவரும் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய கதையில் முக்கால்வாசி பொய் என்று தெரிந்தது. யாரும் கையை ஆட்டிக்கொண்டு ஓடவில்லை. வருகிற ஆளைத் தேடி எல்லாரும் முதலில் பிழையான ஜன்னலைத்தான் பார்த்தார்கள். கண்டதும் சிரிப்பதற்கு முன்னால் பையை வாங்கினார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு ரிஸ்வானோடு குகன் வீட்டுக்குப் போனேன்.

அவன் முன் அறையில் கதிரையில் சாய்ந்திருந்தான். "நான் பாட்டைக் கிழிச்சுப் போட்டன்" என்றான்.

"பரவாயில்ல. எப்பிடியும் அதுல ஒரு வரி பிழை" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன பிழை?"

"ரயில் சத்தம் கேட்டு ஓடி வந்தேன்னு எழுதியிருக்கீங்க. கடுகண்ணாவையில சத்தம் கேட்டவொடன ரயில் வராது. கீழ பள்ளத்துல இருந்தே எஞ்சின் மொனங்குறது கேக்குது. ஏறி ஏறி அது வந்து சேர்றதுக்குள்ள ஆளுங்க எந்திரிக்கிறாங்க, உக்கார்றாங்க, திருப்பி எந்திரிக்கிறாங்க. அங்க யாரும் ஓடல. நிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

அவனுடைய விரல்கள் கதிரைக் கையில் மெதுவாகத் தட்டத் தொடங்கின.

"அப்ப அந்த இடத்தில சொல்லே வரக்கூடாது" என்றான் கடைசியில். "வெறும் முனகல்தான். எஞ்சின் ஏறுற மாதிரி... மெல்ல மெல்ல மேல போகோணும்." அங்கேயே முனகிக் காட்டினான். ரிஸ்வான் என்னைப் பார்த்தான். பாட்டு இப்போதுதான் பாட்டாகியிருந்தது.

"கிழிச்சதுதானே?" என்றான் ரிஸ்வான்.

"மனப்பாடம்" என்றான் குகன்.

4

இவ்வளவையும் அனித்தாவுக்கு நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சலவை முடித்த துணிகளை மடிக்கும்போதும், சமைக்கும்போதும், அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். என் தமிழ் கொஞ்சம் வேகமாகப் போனால் அவளுக்குப் பிடிபடாது. அவள் ஜெர்மன் கொஞ்சம் வேகமாகப் போனால் எனக்குப் பிடிபடாது. "மொனங்குறது" என்றால் என்ன என்று கேட்டாள். எஞ்சின் மாதிரி முனகிக் காட்டினேன். அவளும் முனகினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரே சமையலறையில் ஒரே விஷயத்துக்காக இருவரும் சிரித்தோம்.

வருடா வருடம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போய், வரிசையில் நின்று, நாங்கள் யார் என்பதை நாங்களே எழுதிக் கொடுத்து வாழ்ந்த வாழ்க்கை இது. இங்கே எதற்கும் கடதாசி கேட்கிறார்களே என்று நானும் சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் அன்று அந்த அம்மையார் கேட்ட கேள்விகள் எனக்குப் புதியவை அல்ல. அதே கேள்விகளை நானே எனக்குக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் கீறியிருக்கிறேன்.

"பிறகு?" என்றாள் அனித்தா. "பொலிஸ்கிட்ட திரும்பிப் போனீங்களா?"

"போனேன். ஆனா அதுக்கு மொதல்ல எங்க அப்பாகிட்ட போகவேண்டியிருந்துச்சு."

5

ஒவ்வொரு காட்சியையும் ஒவ்வொரு பெட்டியாகப் படம் வரைந்தேன். எனக்கு ஓரளவு வரைய வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. கெமரா எங்கே நிற்கும், எதைப் பார்க்கும் என்று நீலத்தில் குறித்தேன். எதைப் பார்க்காது என்று சிவப்பில் குறித்தேன். சுரங்கம், பாலம், காவலரண் மூன்றும் சிவப்பு. இவற்றை விட்டுவிட்டால் மீதி என்ன இருக்கிறது? முகங்களும் ஜன்னல்களும்தான். முதலில் அது எனக்குக் கவலையாக இருந்தது. பிறகு பார்த்தால் அந்தப் பாட்டுக்கு வேண்டியதே முகங்களும் ஜன்னல்களும்தான். எதை எடுக்கக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்திராவிட்டால், மலையையும் பாலத்தையும் எடுத்து ஒரு நாட்காட்டிப் படம் செய்திருப்போம்.

கடைசிப் பக்கத்தில் எல்லாருடைய பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், புகைப்படம்.

அதைப் பார்த்துத்தான் அப்பா நடுங்கினார். எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்தபோது எனக்கு ஏழு வயது. தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்து பார்த்தோம்.

"கையில பேர் எழுதின கடதாசிய வச்சிக்கிட்டுத்தான் அன்னைக்கு வீடு வீடா வந்தாங்க" என்றார். "நீயே ஒம் பேரையும் போட்டோவையும் கொண்டுபோய்க் குடுக்கப் போறியா? வேணாம் ஸ்டெல்லா. நம்ம பேர எங்கயும் எழுதிக் குடுக்காத."

"பேரில்லாமப் போனதுனாலதான் குகன ராத்திரி முழுக்க வச்சிருந்தாங்க அப்பா" என்றேன். "யாருன்னு தெரியாத ஆளத்தான் சந்தேகப்படுவாங்க. இந்தத் தடவ நாங்க யாருன்னு சொல்லிட்டுத்தான் போறோம்."

அப்பா என்னோடு மேலும் வாதாடவில்லை. ஆனால் அன்று சாப்பிடவும் இல்லை.

பொலிஸ் பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர். நானும் ரிஸ்வானும் முன்னால் நிற்க, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிவப்புக் குறிகள் இருந்த பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு ரயிலில் இருந்து இறங்கும் பெண்ணைத் தொட்டு, "மே கவுத?" என்றார். இது யார் என்று கேட்டார்.

"நான்தான், சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். மேடையில் காத்திருப்பவள் பிலோமினா அக்கா; தங்கையாக நடிக்க வேறு யாரும் கிடைக்கவில்லை. மலையடியில் இருக்கும் ரம்புக்கனையில் ஏறி, கொழும்பிலிருந்து வந்து மலையேறும் ரயிலில் நானே வந்து இறங்குவதாகத் திட்டம்.

"நீ ரயிலுக்குள் இருந்தால் இங்கே வேலை நடத்துவது யார்?"

"இவரும் இந்தப் போட்டோவில இருக்கிற குகனும், சேர். எல்லாம் வரைஞ்சிருக்கு."

இன்னொரு பெட்டியில் மேடையில் நிற்கும் பொலிஸ்காரர் ஒருவரையும் வரைந்திருந்தேன். உள்ளதை ஏன் மறைக்க வேண்டும்? அதைப் பார்த்ததும் அவர் உதட்டைக் கடித்தார். "வயிற்றைக் கொஞ்சம் குறைத்துக் கீறியிருக்கலாம்" என்றார். ரிஸ்வான் அடக்கிக்கொண்ட சிரிப்பு மூக்கால் வந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். கையொப்பம் விழுந்தது.

வெள்ளிக்கிழமை கொழும்பில் குண்டு வெடித்த செய்தி வந்தது. படம் எடுக்க இருந்தது சனிக்கிழமை.

ரிஸ்வானின் வாப்பாவின் கடைத் தொலைபேசிக்கு அழைத்தேன். "சோதன கூடத்தான் இருக்கும்" என்றான். "ஆனா பேமிட் கென்சல் இல்ல. வாப்பாவ விட்டுக் கேட்டுப் பாத்த. ரெண்டு கான்ஸ்டபிள அனுப்புறாங்களாம்." குகனின் தகப்பன் அவனைப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். கடைசியாக நான் குகனோடு பேசினேன்.

"அனுமதிக் கடிதத்தயும் படங்களயும் ஒங்ககிட்டதான் குடுத்து வச்சிருக்கேன். மறந்துடாதீங்க" என்றேன்.

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு அடையாள அட்டை போதும்."

"பாப்பம்" என்றான். வருவேன் என்று சொல்லவில்லை.

6

காலையில் ரம்புக்கனையில் இறங்கினேன். வாசலில் ஒரு பெண் பொலிஸ் என் பையைக் கிளறினாள். இப்போதுதான் மலையிலிருந்து வந்தாய், மறுபடி எதற்கு மலைக்கு ஏறுகிறாய் என்று கேட்டாள். ஒரு பாட்டில் ரயிலை விட்டு இறங்குகிற பெண்ணாக நடிக்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தச் சட்டையோடவா?" என்று கேட்டு, பையைத் திருப்பித் தந்தாள்.

ரயில் வரவில்லை. கொழும்பிலிருந்து எல்லாமே பிந்தி வருகின்றன என்றார்கள். ஒரு மணித்தியாலம் போனது. இரண்டாவதும் போகத் தொடங்கியது. கைத்தொலைபேசி இல்லாத காலம். மேலே மூவரும் நிற்கிறார்களா, திரும்பிப் போய்விட்டார்களா, குகன் வந்தானா, ஒன்றும் தெரியாது. கெமராவின் பற்றரி அரை மணித்தியாலத்துக்குத்தான் தாங்கும். எந்த நேரமும் ரயில் வரலாம் என்று ரிஸ்வான் அதைப் போட்டு வைத்திருந்தால்? அந்த ரயில் ஒரு தடவைதான் வரும். நில், பின்னுக்குப் போய் மறுபடி வா என்று அதனிடம் சொல்ல முடியாது.

ஒருவழியாக வந்தபோது பெட்டிகள் நிரம்பி வழிந்தன. லீவில் போகும் இராணுவத்தினர் பாதி. எங்கள் திட்டப்படி நான் கடைசிக்கு முந்திய பெட்டியின் இடது பக்கக் கதவால் இறங்க வேண்டும். நானோ வலது பக்கம் நசுங்கிக் கிடந்தேன். நகர முடியவில்லை. வேறு வழியில்லாமல் எனக்கு முன்னால் நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் சொன்னேன்: "கடுகண்ணாவையில் எனக்கு அந்தக் கதவால்தான் இறங்கவேண்டும்."

"எந்தக் கதவால் இறங்கினால் என்ன?"

"அந்தக் கதவைத்தான் கெமரா பார்த்துக்கொண்டிருக்கும்."

அவன் திரும்பிப் பார்த்தான். இருபது வயதும் இருக்காது. விஷயத்தைச் சொன்னேன். அவன் பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னான். பெட்டி முழுக்கச் செய்தி போனது. உடம்புகள் ஒதுங்கி, என் பை தலைகளுக்கு மேலால் கைமாறிப் போய், நான் இடது கதவுக்கு வந்து சேர்ந்தேன். ரயில் மலை ஏறத் தொடங்கியது. வெளியே மூடுபனி. ஒரு மரம்கூடத் தெரியவில்லை. எஞ்சின் முனகியது. அங்கே யாரும் இல்லாவிட்டால் இந்தப் பெட்டி ஆட்களிடம் என்ன சொல்வேன் என்றுகூட யோசித்தேன்.

ரயில் நின்றது. எஞ்சின் சத்தம் தணிந்ததும் எனக்குக் கேட்டது குகனின் குரல்.

திட்டப்படி முன்பே பதிந்து வைத்திருந்த கசெட்டில் இருந்து வரவில்லை. அவனே பாடிக்கொண்டிருந்தான். ஈரத்தில் டேப் ரெக்கோடர் செத்துப்போயிருந்தது. மேடையின் நடுவில், ஒரு பக்கம் ஒரு கான்ஸ்டபிளும் மறுபக்கம் ஒரு கான்ஸ்டபிளுமாக நிற்க, தமிழில், வாய் திறந்து, நெஞ்சு நிமிர்த்திப் பாடினான். அந்தக் காலத்தில் நாங்கள் ரயிலுக்குள் தமிழில் பேசுவதற்கே குரலைத் தாழ்த்துவோம்.

நான் இறங்கினேன். பனிக்குள் பிலோமினா அக்கா தெரிந்தாள். வரைந்து கொடுத்தபடியே பிழையான ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பினாள். என் பையை வாங்கிவிட்டுச் சிரிக்க வேண்டும். அதைத்தான் பல தடவை பழகியிருந்தோம். அவள் பையை வாங்கினாள். ஆனால் சிரிக்கவில்லை. முகம் கோணியது. பையைக் கீழே போட்டுவிட்டு என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"குண்டு வெடிச்ச ஊருலருந்து ரயிலு வர்ல வர்லங்குறாங்க... ஒனக்கு என்னாச்சோன்னு..." என்று என் தோளுக்குள் சொன்னாள். அது நடிப்பில்லை. அவள் அங்கே மூன்று மணித்தியாலம் நின்றிருக்கிறாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. குகன் எங்களைப் பார்த்தபடியே சொல்லை நிறுத்தி, முனகலுக்குப் போனான்.

பெட்டிக்குள் இருந்து ஒருவன், இங்கே எதற்குத் தமிழ்ப் பாட்டு என்று சிங்களத்தில் கத்தினான். கான்ஸ்டபிள் ஒருவர் திரும்பி, "பொட்டக் இன்ன" என்றார். கொஞ்சம் பொறு. அதட்டவில்லை, பாட்டுக் குழம்பக் கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னார். விசில் ஊதி ரயில் புறப்பட்டபோது, இடது பக்க ஜன்னல்களில் தலைகள். எனக்கு வழிவிட்ட சிப்பாய் கதவில் தொங்கிக்கொண்டு கை தட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். கை தட்டிக்கொண்டே அந்தப் பெட்டி பனிக்குள் போனது.

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். அவன் கெமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"பற்றரி?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"கீழ எஞ்சின் மொனங்குற சத்தம் கேக்குறவரைக்கும் போடவேணாம் எண்டு நீங்கதானே கீறித் தந்தீங்க" என்றான். "கேட்ட பொறகுதான் போட்ட. பாதி இன்னம் ஈக்கிது."

குகன் வந்து என் முன்னால் நின்றான். அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "ஆறு இடத்தில மறிச்சவங்கள். ஆறு இடத்திலயும் காட்டினன். ஒருத்தன் படங்களைப் பாத்திட்டு, இந்தப் பாட்டைப் பாடு பாப்பம் எண்டான்."

"பாடினீங்களா?"

"ஓம். நடு றோட்டில."

7

வகுப்புப் படங்களைக் கண்டியில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். எங்களுடையது கடைசி. முடிந்ததும் முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில், மறுபடி போடச் சொல்லிக் கத்தினார்கள். மறுபடி போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். பொறுப்பதிகாரி மனைவியோடு வந்திருந்தார். மேடையில் நிற்கும் கான்ஸ்டபிள்களைக் காட்டி மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். முதற்பரிசை அறிவித்தபோது ரிஸ்வான் குகனைத் தூக்கிவிட்டான்.

கடைசியில் திரையில் எங்கள் பெயர்கள் மூன்று மொழியிலும் ஓடின. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரை ஒவ்வொரு மொழியிலும் வாய்விட்டு வாசித்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, "எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்" என்றார்.

ஒரு பிரதி கப்பலில் யாழ்ப்பாணம் போனது. மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் போட்டு, அயல் சனம் எல்லாம் கூடியிருந்து பார்த்ததாக குகனின் தங்கச்சி பிறகு சொன்னாள். சமாதான காலத்தில் பாதை திறந்ததும் அவள் தாயோடு கண்டிக்கு வந்தாள். ரயிலில் அல்ல, பஸ்ஸில். குகன் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினான். அதற்குள் நான் கல்யாணம் செய்து இங்கே வந்துவிட்டேன். ரிஸ்வான் இப்போது சொந்தமாக ஒரு வீடியோக் கூடம் வைத்திருக்கிறான். வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதலில் வரைந்துகொண்டு வா என்கிறானாம்.

8

கதையைச் சொல்லி முடித்த பிறகு மூன்று வாரமாக அனித்தா என்னோடு அதிகம் பேசவில்லை. நான் வழக்கம்போல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோதுதான் கண்டேன். தேத்தண்ணி ஊற்றும் மேசைக்குப் பக்கத்தில் வயதான நாலு பெண்களுக்கு நடுவில் நின்று, தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க ஜெர்மனிக்கு வந்த முதல் நாள், ஸ்டேசன்ல உங்கள யார் கூப்பிட வந்தது? அவங்க எந்தப் பக்கம் பாத்துட்டு நின்டாங்க?"

ஒருத்தி சொன்ன பதில் அவளுக்கு விளங்கவில்லை. "திருப்பிச் சொல்லுங்க அன்ரி, மெதுவா" என்றாள். அந்த அன்ரி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியுமுன்பே காருக்குள் போய் உட்காரும் பிள்ளை அவள்.

பாட்டும் மாறியிருந்தது. சிநேகிதிகளோடு தெரிந்தெடுத்த ஜெர்மன் பாட்டை வைத்துக்கொண்டே, நடுவில் ஒரு பகுதியை வெறும் முனகலாக விட்டிருந்தார்கள். படங்களைப் பெட்டி பெட்டியாக வரைந்து அந்த அலுவலகத்துக்கு அவளே கொண்டு போனாள். அம்மையார் எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, அம்மாவும் வருவாரா என்று கேட்டாராம்.

போனேன். சனிக்கிழமை காலை, நல்ல குளிர். மூன்றாம் மேடையில் கெமராவை நிறுத்தி, நிலத்தில் கோடுகளாக ரேப் ஒட்டி, யார் எங்கே நிற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிநேகிதிகளோடு ஜெர்மன். நடிக்க வந்திருந்த தமிழ் அன்ரிமாரோடு தமிழ். இரண்டுக்கும் நடுவில் தடுமாறவே இல்லை. நான் ஓரமாகக் கைகட்டி நின்று பார்த்தேன்.

"அம்மா, நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?" என்று கேட்டாள். கையிலிருந்த கடதாசியைத் திருப்பி, ஒரு பெட்டியைக் காட்டினாள். மேடையில் தனியாக நின்று பிழையான ஜன்னலைப் பார்க்கும் ஒரு பெண். "இது நீங்க. ரயில் இன்னும் ஏழு நிமிஷத்துல வரும். வாங்க."

கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, அவள் காட்டிய இடத்தில் போய் நின்றேன்.